காத்திருப்போர் பட்டியலைத் திறந்து வையுங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலைகளின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கொழும்பின் அரச ஆஸ்பத்திரிகளில் இன்றைய திகதிக்கு எத்தனை பேர் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள்? அவர்களில் ஆக நீண்ட காலம் காத்திருப்பவர் எந்த மாதம் பதிந்தவர்? என்னைப் போன்ற ஒரு சாதாரணப் பிரஜை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் எதுவும் இல்லை. பட்டியலே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்டியல்கள் ஏராளம் இருக்கின்றன. யூனிட்டுக்கு ஒரு பதிவேடு, நிபுணருக்கு ஒரு டயறி. அந்தக் கொப்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எல்லாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். காத்திருப்பைக் குறைக்க வேறு பல வேலைகளும் செய்ய வேண்டியிருக்கிறது. அவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் இது முதலில் நடக்காவிட்டால் மற்றவை எதுவும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. கொழும்பில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியும்: ஹற்றனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாராவது ஒருவர் கிளினிக்குக்கு வந்து தங்கிப் போய்க்கொண்டே இருப்பார். யாழ்ப்பாணத்தார் இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்குவார்கள். மலையகத்தார் முதல் நாளே வந்துவிடுவார்கள். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால் கூடப் போவது பெரும்பாலும் நான்தான். இங்கே எழுதுவதெல்லாம் அந்த வாங்குகளில் பல வருடங்களாக உட்கார்ந்து பார்த்ததும், பார்த்தது மனதை விட்டுப் போகாததால் தேடிப் படித்ததும்.

என் சித்தி தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. முதலில் கிளினிக்கில் நம்பர் எடுத்தோம். நிபுணர் பார்த்து ஸ்கானுக்கு எழுதினார். ஸ்கானுக்குப் பல வாரங்கள் தள்ளித்தான் திகதி கிடைத்தது. ரிப்போட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கிளினிக்குக்குப் போனால், முதலில் பார்த்தவர் இடமாற்றமாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அதன் பிறகுதான் சித்தியின் பெயர் சத்திரசிகிச்சைப் பதிவேட்டில் ஏறியது. அங்கே இருந்த தாதி மிஸ்ஸி நல்ல மனதோடு, "இன்றைக்குத்தான் பெயர் போட்டிருக்கிறது, இனி கூப்பிடுவார்கள்" என்றார். அந்த "இன்றைக்குத்தான்" என்ற சொல்லை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை சித்தி காத்திருந்த காலம் எந்தக் கணக்கிலும் இல்லை. நோவோடு அலைந்த அந்த மாதங்களில், ஆஸ்பத்திரியின் கண்ணில் அவர் காத்திருப்பவரே அல்ல.

கூப்பிட்டார்கள். போய் வாட்டில் சேர்ந்தார். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பார்த்தால் பிரஷர் கூடியிருந்தது. இதய நிபுணரின் அபிப்பிராயம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். புதிய திகதி வருவதற்குள் ஒரு நாள் இரவு வலி தாங்க முடியாமல் போய், 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்ஸில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையில் கிருமி தொற்றிவிட்டது. திட்டமிட்டுச் செய்திருந்தால் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொண்டு நீண்ட நாட்கள் கட்டிலில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். காப்பாற்றிய வைத்தியர்களையும் தாதியரையும் எங்கள் குடும்பம் மறக்காது.

காத்திருக்க வைப்பதால் அரசாங்கத்துக்குக் காசு மிச்சமாவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பித்தக்கல் காத்திருந்தால் தொற்றாகிறது, சில வேளை கணையத்தையும் தாக்குகிறது. குடலிறக்கம் காத்திருந்தால் குடல் இறுகி நள்ளிரவில் அவசர சத்திரசிகிச்சையாகிறது. கண்புரையோடு காத்திருக்கும் பெரியவர் படியில் தவறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு எலும்பு வாட்டுக்கு வருகிறார். அப்படி அவசரமாக வரும் ஒவ்வொருவரும், அன்று சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போகவிருந்த இன்னொருவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். அவருடைய வருத்தமும் முற்றுகிறது. பட்டியல் இப்படித்தான் தன்னைத்தானே நீட்டிக்கொள்கிறது.

இந்த நாட்டின் இலவச சுகாதார சேவையை நான் உயிராக மதிக்கிறேன். 1934, 35இல் வந்த மலேரியா கிட்டத்தட்ட 80,000 உயிர்களைக் கொண்டுபோன பிறகு கிராமங்களுக்கு அரச வைத்தியம் விரிவாகப் பரவியது. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. எழுபதுகளில் இருபத்தைந்து சதம் வாங்கிப் பார்த்தார்கள், அதுவும் 1977இல் போய்விட்டது. இன்றும் வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் அரச ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறார்கள். 2022இல் நாடு வங்குரோத்தான நேரத்தில்கூட எங்கள் ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தவில்லை. மருந்தில்லாமல் பேராதனையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்த அந்த மார்ச் மாதத்திலும் அவசர நோயாளர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் இலவசம் என்பதால் வரிசை இல்லாமல் போய்விடுவதில்லை. காசால் பங்கிடாத ஒன்று நேரத்தால் பங்கிடப்படுகிறது. அந்த நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது, யாருக்கு முதலில், எந்த முறைப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு எழுதி வைத்த பதில் நமக்கு வேண்டும். அது இல்லாத இடத்தில் வேறு முறைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

அவற்றில் பெரியது சனல், அதாவது நிபுணரைத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் பார்ப்பது. 1977க்குப் பிறகு அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாரிடம் வேலை செய்யலாம். அதில் தவறில்லை, அவர்கள் வாங்கும் சம்பளத்தில் அதைக் கேட்க எனக்கு வாயும் வராது. ஆனால் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: "முதலில் ஒருக்கா சனல் பண்ணிப் பாருங்கோ, பிறகு ஆஸ்பத்திரியில் திகதி கெதியாய்க் கிடைக்கும்." இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைவிட, இலட்சக்கணக்கானோர் இதை நம்பி நடக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. தோட்டத்துக் குடும்பம் நகையை அடகு வைத்து சனல் காசு கட்டுகிறது. நேர்மையாக நடக்கும் வைத்தியரும், அவர்கள் தொகையில் அதிகம், அதே சந்தேகத்தைச் சுமக்கிறார். பட்டியல் திறந்து கிடந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது. யார் எப்போது பதிந்தார், எந்த வகையில் பதிந்தார், எப்போது கூப்பிடப்பட்டார் என்பது இலக்கங்களாக எல்லார் கண்ணுக்கும் தெரியும். நல்ல வைத்தியர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

சரி, திறந்து வைப்பதென்றால் எப்படி? பெயர் வேண்டாம், நோயின் விபரம் வேண்டாம். பல ஆஸ்பத்திரிகளில் நோயாளருக்குத் தனிப்பட்ட சுகாதார இலக்கம் ஏற்கனவே வழங்கப்பட்டிருக்கிறது. அதை வைத்துப் பதியலாம். சிகிச்சையின் வகை, முதன்முதலில் அனுப்பப்பட்ட திகதி, அவசரத்தின் தரம், இவை போதும். நோயாளி தன் இலக்கத்தைப் போட்டுத் தன் இடத்தைப் பார்க்கலாம். பொதுமக்கள் மொத்தக் கணக்கைப் பார்க்கலாம். போன் இல்லாதவருக்கு கிளினிக் சுவரில் மூன்று மொழியிலும் மாதமொரு தாள் ஒட்டினால் போதும்.

இதில் இரண்டு விடயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒன்று, கணக்கு எப்போது தொடங்குகிறது என்பது. இங்கிலாந்தில் பொது வைத்தியர் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்கி, சிகிச்சை தொடங்கும் வரைக்கும் 18 வாரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்கானுக்குக் காத்திருந்ததும் ரிப்போட்டுக்குக் காத்திருந்ததும் அதற்குள் அடக்கம். நாமும் அப்படித்தான் எண்ண வேண்டும். தியேட்டர் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து எண்ணினால், பெயரை ஏற்றாமல் வைத்திருப்பதே பட்டியலைக் குறைக்கும் வழியாகிவிடும்.

மற்றது, யாருக்கு முதலில் என்பது. அவுஸ்திரேலியாவில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 30 நாளுக்குள் செய்ய வேண்டியவை, 90 நாளுக்குள் செய்ய வேண்டியவை, 365 நாளுக்குள் செய்ய வேண்டியவை. எந்த வகை என்பதை வைத்தியர் தீர்மானிக்கிறார். ஒரு வகைக்குள் முதலில் வந்தவருக்கு முதலில். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் சொன்னாலும் விளங்கும். விளங்குகிற விதி என்பதால் மீறினாலும் தெரியும்.

நீங்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் வெளியிட்டும் என்ன நடந்தது? 18 வார இலக்கை 2016க்குப் பிறகு அவர்களால் எட்ட முடியவில்லை. 2023 செப்டம்பரில் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. உண்மைதான். பட்டியலை வெளியிடுவதால் மட்டும் கட்டில் கூடுவதில்லை, தாதியர் கூடுவதில்லை. ஆனால் அந்த 77 இலட்சம் வெளியில் தெரிந்ததால்தான் அது அங்கே தேர்தலின் பேச்சானது, 2029 மார்ச்சுக்குள் பழைய இலக்குக்குத் திரும்புவோம் என்று அரசாங்கம் திகதி போட்டுச் சொல்ல வேண்டி வந்தது. நமக்கு அப்படி யாரும் திகதி சொன்னதில்லை. கேட்பதற்கு நம்மிடம் எண் இருந்தால்தானே.

கணக்கை வளைப்பார்கள் என்ற பயமும் நியாயமானது. ஸ்கொட்லாந்தில் லோதியன் பகுதியில் 2011ஆம் ஆண்டளவில் அப்படித்தான் நடந்தது. தூரத்து ஊரில் வந்து சிகிச்சை பெறுங்கள் என்று குறுகிய கால அறிவித்தலில் கேட்டு, வர முடியாது என்று சொன்னவர்களை "தற்போது சிகிச்சைக்கு வர இயலாதவர்" என்று குறித்துக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். பிடிபட்டது, பெரிய விசாரணையானது. நம் ஊரில் இன்னும் எளிதான வழி இருக்கிறது: "கூப்பிட்டோம், வரவில்லை" என்று எழுதி வெட்டிவிடலாம். ஆகவே யார் பெயர் நீக்கப்பட்டது, என்ன காரணத்துக்காக என்பதும் வெளியிடப்பட வேண்டும். கணக்காய்வாளர் நாயகம் இடைக்கிடை சில பெயர்களை எடுத்து நேரடியாகப் போன் பண்ணிக் கேட்டுப் பார்க்கட்டும்.

"வரவில்லை" என்று எழுதப்படுவதைப் பற்றி ஒரு தமிழச்சியாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. திகதிக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வருகிறது. வாசிக்கத் தெரியாத கடிதம் அலமாரியில் இருக்கிறது. வேறு நம்பரிலிருந்து போன் வருகிறது, மொழி விளங்காமல் வெட்டிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியில் நம்பர் சிங்களத்தில் மட்டும் கூப்பிடும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா எழும்புவதில்லை. அவருடைய முறை போய்விடுகிறது. தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எவ்வளவு காலமாகிறது! இதை மொழியுரிமைப் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் தாய் வராத காலைப் பொழுதில் ஒரு சத்திரசிகிச்சை மேசை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் ஒரு சிங்களத் தாய்க்குச் சிகிச்சை செய்திருக்கலாம். திகதிக்கு முன்னால் நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் வராமல் போகிறவர்கள் குறைகிறார்கள் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மூன்று மொழியிலும் அனுப்புங்கள். செலவு மிகச் சொற்பம்.

இனி, பட்டியல் கையில் வந்த பிறகு என்ன செய்யலாம் என்பது.

கொழும்பு தேசிய வைத்தியசாலை 1864இலிருந்து இருக்கிறது, 3,000க்கு மேற்பட்ட கட்டில்களோடு நாட்டிலேயே பெரியது. அதனாலேயே எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். எங்களுக்கு யார் வேண்டுமானாலும் எந்த ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம் என்ற சுதந்திரம் இருக்கிறது. அதை நான் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஹோமாகமையிலும் முல்லேரியாவிலும் அவிசாவளையிலும் தியேட்டர் இருக்கிறது, சத்திரசிகிச்சை நிபுணரும் இருக்கிறார். ஒரு சாதாரண குடலிறக்கத்துக்கு அங்கே அடுத்த மாதமும் கொழும்பில் அடுத்த வருடமும் என்றிருந்தால், அது எனக்கு எப்படித் தெரியும்? மாவட்டத்துக்கு ஒரே பட்டியல் என்று வந்தால், "உங்களுக்கு முல்லேரியாவில் முந்திக் கிடைக்கும், போகிறீர்களா?" என்று கேட்கலாம். பெரும்பாலானோர் போவார்கள். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு வருகிறவருக்கு அவிசாவளை வழியில் இருக்கிற ஊர்தானே. போர்த்துக்கல் 2004இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே சத்திரசிகிச்சைப் பட்டியல் வைத்து, ஒருவரின் காத்திருப்பு எல்லையை நெருங்கும்போது வேறிடத்தில் செய்துகொள்ள அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுக்கிறது. டென்மார்க்கிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. ஒரே பட்டியல் இல்லாமல் இதையெல்லாம் யோசிக்கவே முடியாது.

தியேட்டர் நேரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் வெளியிலிருந்து பார்ப்பவளின் கண்ணுக்குப் படுவதைச் சொல்கிறேன். சத்திரசிகிச்சை தள்ளிப்போவது பெரும்பாலும் வைத்தியர் இல்லாததால் அல்ல. மயக்க மருந்து நிபுணர் வேறிடத்தில் இருக்கிறார், தொற்று நீக்கிய துணிக்கட்டு வரவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லை, அல்லது என் சித்தியைப் போல நோயாளியே தயாராக இல்லை. கடைசிக் காரணத்தைத் தீர்ப்பதுதான் ஆக இலகு. சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே ஒரு கிளினிக்கில் பிரஷர், சீனி, ஈசிஜி எல்லாம் பார்த்து முடித்துவிட வேண்டும். சித்தியின் பிரஷரை முதல் நாள் இரவில் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு தள்ளிப்போடலுக்கும் காரணத்தை எழுதி, மாதமுடிவில் எண்ணிப் பாருங்கள். துணிக்கட்டு வராததால் இத்தனை, கட்டில் இல்லாததால் இத்தனை என்று தெரிந்தால் எதற்குக் காசு ஒதுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கண்புரைக்கு நாம் தூர தேசம் பார்க்க வேண்டியதில்லை. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகத்துக்கே பாடம். அங்கே ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்கு இரண்டு மேசை. ஒன்றில் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளியை மற்றதில் ஆயத்தப்படுத்திவிடுகிறார்கள். நிபுணர் மட்டும் செய்யக்கூடியதை நிபுணர் செய்கிறார், மற்ற எல்லாவற்றையும் அதற்கென்றே பயிற்றப்பட்ட பெண்கள் செய்கிறார்கள். பணம் கட்ட முடிந்தவர்களின் காசில், முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ செய்கிறார்கள். எங்கள் தேசிய கண் வைத்தியசாலையில் திறமையான வைத்தியர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்குச் சுற்றிலும் தேவையான ஆட்களையும் இரண்டாவது மேசையையும் கொடுத்துப் பாருங்கள். இரவில் தங்க வைக்காமல் அன்றன்றே வீட்டுக்கு அனுப்பக்கூடிய சிகிச்சைகளை அப்படியே செய்தால் கட்டிலும் மிச்சம்.

அப்புறம், மாதாந்த கிளினிக். இதை நீங்கள் ஒரு கட்டளையால் மாற்றிவிடலாம். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று வருடக்கணக்காக ஒரே மருந்து எடுப்பவர்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, நிபுணரின் முன்னால் ஓரிரு நிமிடம் இருந்து, அதே மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். புதிதாக நோய் கண்டு, நிபுணரை உண்மையாகவே பார்க்க வேண்டியவர் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். செய்து காட்டினீர்கள்! நோய் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், இடையில் மருந்து மட்டும் பக்கத்து மருந்தகத்திலோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலோ கொழும்பு மாநகர சபையின் இலவச மருந்தகத்திலோ. மாநகர சபை மருந்தகங்கள் இருப்பதே எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. அங்கே அதே மருந்து அதே தரத்தில் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால் மக்கள் தாமாகவே போவார்கள். ஒருமுறை போய் மருந்து இல்லை என்று திரும்பினால் மறுபடி பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள்.

2012இல் இந்த நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில். 2024 கணக்கெடுப்பில் அது 12.6. முழங்கால், கண், இதயம், புற்றுநோய், எல்லாம் இன்னும் கூடத்தான் போகின்றன. இன்னொரு பக்கம் 2022க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். நிபுணராவதற்கான கடைசிக் கட்டப் பயிற்சிக்கு வெளிநாடு போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. அவர்களைத் துரோகிகள் என்று பேசுவது எனக்கு வெறுப்பாக இருக்கிறது. பிள்ளை குட்டிகளோடு வாழ வேண்டியவர்கள். இருப்பவர்கள் இருவரின் வேலையை ஒருவராகச் செய்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுத்துப் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் தியேட்டரை நடத்துங்கள். கொடுப்பனவு மாதக் கடைசியில் ஒழுங்காக வர வேண்டும். தாதியருக்கும் சிற்றூழியருக்கும் சேர்த்து. அவர்கள் இல்லாமல் எந்த மேசையிலும் ஒன்றும் நடக்காது.

இரண்டு பட்டியல்களை மட்டும் நான் மற்றவற்றோடு சேர்த்துப் பேச விரும்பவில்லை. ஒன்று பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் இதய சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். மற்றது மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள். இங்கே வாரங்கள் போவதும் முழங்காலுக்கு வாரங்கள் போவதும் ஒன்றல்ல. சில குழந்தைகளுக்கு உரிய காலம் கடந்துவிட்டால் பிறகு சத்திரசிகிச்சை செய்தும் பயனில்லாமல் போகிறது. குழந்தைகளின் இதயத்துக்காக "லிட்டில் ஹார்ட்ஸ்" என்று உண்டியல் குலுக்கிக் காசு சேர்த்த மக்கள் நாங்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுவதற்காகத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். காசைத் தர மக்கள் பின்நிற்கவில்லை. எத்தனை குழந்தை, எத்தனை இயந்திரம் வேலை செய்கிறது, எத்தனை பழுதாகிக் கிடக்கிறது, உதிரிப்பாகம் எப்போது வரும் என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் மாதாமாதம் அல்ல, வாராவாரம் வெளியிட வேண்டும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கு ஏற்கனவே இந்த உரிமையைத் தந்திருக்கிறது. நானே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம். ஆனால் தோட்டத்திலிருந்து வரும் நோயாளி விண்ணப்பம் எழுதித்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருப்பது சரியல்ல. நீங்களாகவே வெளியிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. கொழும்பு மாவட்டத்தில் தொடங்குங்கள். கண்புரை, குடலிறக்கம், பித்தப்பை, இடுப்பு முழங்கால் மாற்று, அவற்றோடு மேலே சொன்ன பிள்ளைகளின் இதயமும் கதிர்ச் சிகிச்சையும். ஆறு மாதத்துக்குள் முதல் கணக்கு வரட்டும். முதல் கணக்கு பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். எங்கெங்கோ கிடந்த கொப்பிகள் ஒன்றாகும்போது தொகை ஏறும், பத்திரிகைகள் சத்தம் போடும், எதிர்க்கட்சி பாராளுமன்றத்தில் தூக்கிக் காட்டும். பழைய பட்டியலில் இறந்துபோனவர்களும், வெளியில் காசு கட்டிச் செய்துகொண்டவர்களும் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்துங்கள், ஆனால் அப்படிக் குறைந்ததைச் சாதனையாகக் காட்ட வேண்டாம். அந்த முதல் மூன்று மாதச் சத்தத்தை நீங்கள் தாங்கிக்கொண்டால், நாங்கள், நோயாளரும் அவர்களோடு வருகிறவர்களும், உங்கள் பக்கம் நின்று பேசுவோம். நான் பேசுவேன்.

இந்த மடலுக்கு ஒரு பதில் எதிர்பார்க்கிறேன். முடியும், முடியாது எதுவாக இருந்தாலும் சரி. முடியாதென்றால் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் காரணத்தால் முடியாது என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள். முடியுமென்றால், முதல் பட்டியல் எந்தத் திகதியில் வெளிவரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் வசிக்கும்
அரச ஆஸ்பத்திரி நோயாளர் ஒருவரின் பெறாமகள்